தோட்டம் ஏன் ஊராகவில்லை?



என் வகுப்பில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்றாவது நாளாக வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தான். எனக்குச் சினம் தலைக்கேறிவிட்டது. "படிக்காவிட்டால் செம்பனைக் குலை வெட்டத்தான் போவாய்" என்று சொல்லிவிட்டேன். நான் படித்த காலத்தில் என் ஆசிரியர் எங்களைப் பார்த்து, "பால்மரம் வெட்டத்தான் போவீர்கள்" என்பார். மரம் மாறியிருக்கிறது, வசவு மாறவில்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்தபடியே, "எங்கப்பா அதான் ஐயா செய்றாரு" என்றான்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகளில் நால்வரின் தந்தையரும் அதே வேலையைச் செய்பவர்கள். அவர்கள் அத்தனை பேரின் வீட்டுச் சோற்றையும் ஒரே வாக்கியத்தில் நான் இழிவுபடுத்திவிட்டேன். அன்று பாடத்தைத் தொடர்ந்து நடத்தினேனே தவிர, என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

எங்கள் பள்ளி கெடா மாநிலத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்தின் நடுவே இருக்கிறது. மொத்தம் இருபத்தாறு மாணவர்கள். 150 மாணவருக்குக் குறைவாக உள்ள பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. எங்களுக்கு அந்த 150 என்பது எட்டாத உயரம். இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்திப் பாடம் நடத்துகிறோம். ஒரு பக்கம் ஐந்தாம் ஆண்டுக்குப் பின்னம்; மறுபக்கம் ஆறாம் ஆண்டுக்கு விழுக்காடு. 1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். இன்று ஏறக்குறைய 530. மறைந்த பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். தமிழ்ப்பள்ளி குறைந்தது ஏன் என்று மேடைதோறும் பேசுகிறோம். தோட்டம் கரைந்தது ஏன் என்று பேசுவோர் குறைவு. ஊர் இல்லாத இடத்தில் பள்ளி மட்டும் எப்படி நிற்கும்?

நாட்டுப்புறம் காலியாவது நம் சிக்கல் மட்டுமன்று. 2007ஆம் ஆண்டளவில் உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள் ஆகிவிட்டனர். நம் நாட்டில் வேகம் இன்னும் கூடுதல். 1970இல் மலேசியர்களில் 28.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு. ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரு நாடே இடம் பெயர்ந்திருக்கிறது. வளரும் நாடுகளில் நாட்டுப்புற வாழ்வை நிலைநிறுத்துவது எப்படி என்று அறிஞர்கள் மாநாடு கூட்டிப் பேசும்போது, சாலை, மின்சாரம், தொழில்நுட்பம், சந்தை, சிறுகடன் எனப் பட்டியல் நீளும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்து, இன்று தோட்டத்திலேயே கற்பிக்கும் எனக்கு அந்தப் பட்டியல் தலைகீழாகத் தோன்றுகிறது. அங்கே உழைப்பவனுக்கு அங்கேயே ஒரு சொந்த மனை வேண்டும். முதலில் அது. மற்றவை அதன் பின்னால் வரும். அது இல்லாத இடத்தில் மற்றவை வந்தாலும் தங்கா.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் தந்தையார் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டு, பின்னர் உளியும் வாளியுமாக வெட்டுக்காடு, உச்சி வெயிலுக்கு முன் பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துப் போட வேண்டும். என் தாயார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அவருடன் நிரைக்குப் போவார். வீடு தோட்டம் கொடுத்தது. தண்ணீர், மருந்துக்கொட்டகை, பள்ளிக்கூடக் கட்டடம் அனைத்தும் தோட்டம் கொடுத்தவை. கோயில் திருவிழாவுக்கும் நிருவாகம் ஒரு தொகை தரும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எல்லாம் நிறைந்த சிற்றூர் போலவே தோன்றும். என் தாயார் லயத்து வீட்டின் பின்புறம் முருங்கையும் மாமரமும் வைத்திருந்தார். இரண்டு பசுக்கள் வளர்த்தார். எங்கள் பள்ளிச் செலவு பெரும்பாலும் அந்தப் பசுக்களின் மடியிலிருந்து வந்ததே. பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளை மேய்ந்துவிடும் என்று மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி நிருவாகம் அறிவிப்புக் கொடுத்தது. இரண்டையும் பாதி விலைக்கு விற்றோம். (செம்பனை வளர்ந்து உயர்ந்தபின் மாடுகளை அதனடியில் மேயவிட்டால் களையெடுக்கும் செலவு குறையும் என்று வேளாண்துறையினரே இன்று ஊக்குவிக்கின்றனர். என் தாயார் இதைக் கேட்டால் சிரிப்பார்.)

1998இல் தந்தையார் ஓய்வு பெற்றார். சேமநிதிப் பணம் கிடைத்தது. அதே மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் கிடைத்தது. அதில் சட்டப்படி தவறேதும் இல்லை. வீடு வேலைக்கு உரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் குடியிருந்த வீட்டின் சாவியைத் தந்தையார் கிராணியிடம் ஒப்படைத்துக் கையொப்பம் இட்டதை அருகில் நின்று பார்த்தேன். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். சேமநிதியின் பெரும்பகுதியைக் கொண்டு பட்டணத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினோம். முருங்கை வைக்க அங்கே மண் இல்லை. தாயார் சில மாதங்கள் தைல டின்னில் கறிவேப்பிலை வளர்த்துப் பார்த்தார்.

இதுதான் தோட்டத்திற்கும் ஊருக்கும் உள்ள வேறுபாடு. ஊரில் ஒருவன் வேலை இழக்கலாம். ஆனால் ஊரை இழப்பதில்லை. தோட்டத்தில் கடைசிச் சம்பளத்தோடு கூரை, தெரு, அக்கம்பக்கம், பிள்ளையின் பள்ளி எல்லாம் ஒரே நாளில் கையைவிட்டுப் போகின்றன.

நம் நாட்டின் நாட்டுப்புற மேம்பாட்டு வரலாற்றைப் புரட்டினால் இந்த ஓர் இடைவெளி எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கியது என்பது விளங்கும். 1956இல் பெல்டா எனப்படும் கூட்டரசு நில மேம்பாட்டு வாரியம் தொடங்கப்பட்டது. காட்டை வெட்டி, ரப்பரும் செம்பனையும் நட்டு, நிலமற்ற குடும்பங்களைக் குடியேற்றி, ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலமும் வீட்டு மனையும் தந்தனர். ஓர் இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவ்வாறு குடியேறின. அவற்றுள் மிகப் பெரும்பான்மை மலாய்க் குடும்பங்கள். 1960களின் தொடக்கத்தில், அன்றைய துணைப்பிரதமர் துன் அப்துல் ரசாக் மாவட்டந்தோறும் சிவப்புப் புத்தகம் ஒன்றை வைத்து, எந்தக் கம்போங்கிற்குச் சாலை, எதற்குப் பாலம், எதற்குக் கிணறு என்று குறிக்கச் செய்தார். 1973இல் தோன்றிய ரிஸ்டா, ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்களுக்கு மறுநடவு உதவி வழங்கியது. நல்ல திட்டங்கள்தாம். இவற்றால் வறுமை குறைந்தது என்பதை மறுப்பவன் அல்லேன். ஆனால் இவற்றின் பெரும்பகுதி நிலப்பட்டாவைத் தேடிக்கொண்டு வருபவை. பட்டா இருந்தால் மறுநடவு உதவி. கம்போங்காக இருந்தால் சாலை. தோட்டமோ தனியார் நிலம். அரசாங்கத்தின் சாலை தோட்டத்து வாயிலோடு நின்றுவிடும். உள்ளே இருப்பவர்களை முதலாளி பார்த்துக்கொள்வார் என்பது கணக்கு. முதலாளியின் பொறுப்போ குடியிருக்கும் தொழிலாளிக்கு வசதி செய்து தருவதோடு முடிந்தது. 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் லயங்களின் தரத்தை உயர்த்தச் சொன்னது. லயத்தை அங்கே பிறந்தவனுக்கு உரிமையாக்கச் சொல்லவில்லை.

இதை இனப்பூசலாக எழுதவில்லை. அவ்வாறு படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்போங்குகளிலிருந்தும் இளைஞர்கள் பட்டணத்திற்குப் போய்விட்டார்கள். பெல்டா நிலக்குடியேற்றங்களிலும் முதியவர்களே மிகுதியாக எஞ்சியிருக்கின்றனர். மறுநடவுக் கடனும் விலை வீழ்ச்சியும் அவர்களையும் படுத்தின. சொந்த நிலம் இருந்தால் எவரும் வெளியேற மாட்டார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நோன்புப் பெருநாள் வந்தால் என் மலாய் நண்பர்கள் பாலேக் கம்போங் என்று குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். தகப்பன் வீடு அங்கே இருக்கிறது. ஓய்வு பெற்றபின் அங்கேயே திரும்பி, நாலு கோழி வளர்த்து, பழமரம் வைத்து வாழ்வோரும் உண்டு. போனவர்கள் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது. நமக்கோ திரும்புவதற்குக் கோயில் மட்டும்தான் எஞ்சியது. ஆண்டுத் திருவிழாவன்று செம்பனைக் காட்டின் நடுவே நிற்கும் அம்மன் கோயிலுக்குக் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வண்டி வண்டியாக வருகிறோம். லயங்கள் இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் கைகாட்டுகிறோம். மாலையில் அனைவரும் போய்விடுவோம். குருக்கள் விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் பட்டணத்திற்குத் திரும்புவார்.

மாற்று வழியே இல்லாமல் போகவில்லை. 1950களின் இறுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டுதுண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அந்த வேளையில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டும் மக்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். அந்தப் பணத்தில் முதலில் வாங்கப்பட்டது எங்கள் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம். கூலிக்காரர்கள் கூடித் தோட்டத்தை வாங்குவதா என்று ஏளனம் செய்தவர்களுக்கு நடுவே, அடுத்தடுத்துத் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வராமல் காக்கப்பட்டன.

சம்பந்தனாரின் பெயரைச் சாலைக்கு வைத்தோம். நினைவு நாளில் மாலை சூட்டுகிறோம். அவர் காட்டிய முறையைத்தான் விட்டுவிட்டோம். தோட்டத்தைக் கூட்டாக வாங்க முடிந்த மக்களுக்கு, அதில் ஒரு மூலையைக் குடியிருப்பு மனைகளாகப் பிரித்துத் தனித்தனிப் பட்டா வாங்கித் தருவதை அடுத்த படியாக நாடு முழுவதும் ஓர் இயக்கமாகக் கொண்டு சென்றிருக்கலாம். ஆங்காங்கே சில முயற்சிகள் நடந்தன. இயக்கமாகவில்லை. நம் தலைவர்கள், சங்கங்கள், ஆசிரியர்களாகிய நாம் என அனைவரும் அன்று ஒரே குரலில் சொன்னது: படி, வெளியேறு. 1969க்குப் பின்னர் வேலை உரிமம் கிடைக்காமல் ஏறக்குறைய அறுபதாயிரம் தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்ததைக் கண்ட தலைமுறை அது. எதுவும் நமதில்லை என்ற அச்சம் எலும்புவரை ஊறியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் சொன்ன சொல்லைக் கேட்டுப் படித்ததால்தான் நான் இன்று மாதச் சம்பளக்காரன்.

அரச நிருவாகத் தலைநகர் புத்ராஜெயா நிற்கும் இடத்தில் முன்பு பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மேடிங்லி என்னும் தோட்டங்கள் இருந்தன. நகரம் எழுந்தது, தோட்ட மக்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குப் போனார்கள். நாட்டின் மிக அழகிய நகரின் அடிமண்ணில் பல தலைமுறை வியர்வை இருக்கிறது. ஒரு மனைப் பட்டா இல்லை.

பெருந்தோட்டம் என்பதே அப்படித்தான். ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே கையில் இருந்தால்தான் இத்தொழில் நடக்கும் என்று சிலர் வாதிடுவர். நான் கெடாக்காரன்; எல்லை தாண்டினால் தாய்லாந்து. பள்ளி விடுமுறையில் சடாவ் வழியாக ஹட்ஞாய்க்குப் போகும்போதெல்லாம் சாலையின் இருபுறமும் பால்மரங்கள் தெரியும். அவற்றின் நடுவே வீடுகள். வீட்டைச் சுற்றிப் பழமரங்கள். கொடியில் துணி காய்வதுபோல மூங்கிலில் ரப்பர்த் தகடுகள் காய்கின்றன. அவை பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களின் சொந்த மரங்கள். இரவில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் பால் வெட்டுகிறார்கள். விடிந்ததும் பிள்ளை அங்கிருந்தே பள்ளிக்குப் போகிறது. தாய்லாந்தின் ரப்பர் நிலத்தில் மிகப் பெரும்பகுதி இத்தகைய சிறுதோட்டங்களே. 1960இலேயே அவர்கள் மறுநடவு உதவி நிதி ஒன்றைச் சட்டமாக்கி, ஏற்றுமதி ரப்பரின் மீது விதித்த தீர்வையைக் கொண்டு சிறு உடைமையாளருக்குத் தரமான கன்றும் உதவித்தொகையும் கொடுத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மலேசியாவை முந்தி, உலகிலேயே மிகுதியாக இயற்கை ரப்பர் விளைவிக்கும் நாடாகத் தாய்லாந்து ஆகிவிட்டது. பெருந்தோட்டங்களின் தாயகம் என்று பெயர் பெற்ற நம்மை முந்தியவர்கள் பத்து ஏக்கர்க்காரர்கள்! நம் நாட்டிலும் இன்று எஞ்சியிருக்கும் ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களிடமே இருக்கிறது. கம்பெனிகள் செம்பனைக்குப் போய்விட்டன.

அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். 2011இல் உச்சிக்குப் போன ரப்பர் விலை பின்னர் சரிந்தபோது அக்குடும்பங்கள் பட்ட பாடு பெரிது. நிலமில்லாமல் பங்குக்கு வெட்டுபவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் விலை சரிந்த ஆண்டில் அவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்படவில்லை. பழம் விற்றார்கள், பிள்ளை ஒன்று நகரத்துக்குப் போய்ப் பணம் அனுப்பியது, மரம் நின்றது, வீடு நின்றது, பள்ளியும் நின்றது. நிலையான வாழ்வு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இவ்வளவே. கெட்ட ஆண்டைத் தாங்க வேண்டும்.

இலங்கை மலையகத் தமிழர் கதையும் நம் கதைக்கு உடன்பிறப்பே. அதே லயம், அதே கங்காணி. அங்கே அண்மைக் காலத்தில் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஏழு பேர்ச் நிலத்தோடு தனி வீடு தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீட்டர். ஒரு வகுப்பறைத் தொகுதியின் அளவுகூட இராது. பெரும்பாலோர் இன்னும் லயத்தில்தான் காத்திருக்கின்றனர். இருந்தாலும், முகவரி என்று ஒன்று கிடைத்தவுடன் வங்கியும் தபால்காரரும் தேடி வருவார்கள் என்பது சிறிய செய்தியன்று.

"வேலையே இல்லாத இடத்தில் வீடு எதற்கு?" என்று ஒரு பெற்றோர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் அடிப்படை தவறு. எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள புதிய தங்கும் விடுதியில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் நிறைந்திருக்கின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் அவர்கள் வரவு நின்றபோது, வெட்ட ஆளின்றிச் செம்பனைக் குலைகள் மரத்திலேயே அழுகின. வேலை இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக இருந்தது; 2022இல் 1,500, 2025இல் 1,700 என உயர்ந்துள்ளது. அது போதாது என்பது வேறு. ஆனால் குடும்பத்தோடு தங்கி முதுமை அடைய ஓர் இடம் இல்லாத வேலையை உள்ளூர்க்காரன் ஏன் செய்ய வேண்டும்? தனியாள் வந்து மூன்றாண்டு உழைத்துத் தன் ஊரில் வீடு கட்டப் போகும் வேலையாக அதை நாம் ஆக்கிவிட்டோம். நம் தோட்டத்தில் உழைக்கும் இந்தோனேசியருக்கு லொம்போக்கிலோ சாவகத்திலோ ஓர் ஊர் இருக்கிறது. இங்கே பிறந்த நமக்குத்தான் இல்லை.

ஆசிரியர்களாகிய நாம் நிலம் வழங்க முடியாது. ஆனால், உழைப்பைப் பற்றிய சொல் நம் கையில் இருக்கிறது. செர்டாங்கில் 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கியது பின்னாளில் வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1997இல் அதன் பெயரிலிருந்தே வேளாண்மை என்ற சொல் நீங்கி, புத்ரா பல்கலைக்கழகம் ஆனது. நாடே அச்சொல்லை நாணத்தோடு கீழே வைத்ததுபோல எனக்கு அன்று தோன்றியது. நம் வகுப்பறையிலும் அதே கதை. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்று எழுதும் மாணவனின் கட்டுரைக்குப் புள்ளி. பண்ணை வைக்கப் போகிறேன் என்று எழுதியவனை நான் "இன்னும் பெரிதாக யோசி" என்று திருத்தியிருக்கிறேன். அப்பிள்ளையின் தாத்தா தோட்டத்து ஓரத்தில் நாற்பது ஆடுகள் வைத்திருக்கிறார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஆட்டிறைச்சி விற்கும் விலையில் அவர் வருமானம் என் சம்பளத்திற்கு இளைத்ததாக இராது.

பெற்றோர்களுக்கு ஒன்றைச் சொல்ல எண்ணி, பலமுறை எழுதி அழித்துவிட்டேன். "பிள்ளையைத் தோட்டப் பள்ளியிலேயே வைத்திருங்கள், பள்ளியைக் காப்பாற்றுங்கள்" என்று எழுத எனக்குத் தகுதியில்லை. நான் குடியிருப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீடமைப்புப் பகுதியில். என் இரு பிள்ளைகளும் படித்தது பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில். அங்கே எழுநூறு மாணவர்கள், கணினிக் கூடம், திடல். ஒரு பள்ளியின் பெயரேட்டைக் காப்பாற்ற எவருடைய பிள்ளையும் பலியாகக் கூடாது. உரிமத்தைப் பட்டணத்திற்கு மாற்றிக் கட்டப்பட்ட பள்ளிகள் செழித்திருப்பதையும் கண்டிருக்கிறேன். ஆகவே அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் சிற்றுண்டிச்சாலை, பரிசளிப்பு விழா, மதில் சுவர் ஆகியவற்றைப் பேசுகிறோம். தோட்டத்தில் இன்னும் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களில் யார் எந்த ஆண்டு ஓய்வு பெறுகின்றனர், அவர்களுக்கு மனை வேண்டுமென்று யாரிடம் எப்போது மனுக் கொடுப்பது என்பதை ஒருமுறை பொருளடக்கத்தில் சேர்த்துப் பாருங்கள். தோட்டம் கைமாறும்போதும் மறுநடவு செய்யும்போதும் நில மாற்றத்திற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டியிருக்கும் வேளைகள் உண்டு. கேட்பதற்குரிய வேளை அதுவே. வெளியேற்றக் கடிதம் வந்தபின் கேட்பது மிகவும் பிந்தியது. இருபத்தைந்து குடும்பத்திற்கு இரண்டு மூன்று ஏக்கர் போதும். ஓர் ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்தில் அது எறும்பு கடித்த அளவு.

எங்கள் பள்ளியில் சென்ற கூட்டத்தில் இதை முன்வைத்தேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கேட்டுக்கொண்டார்கள். "நிருவாகம் கோவிச்சுக்குமே ஐயா" என்றார் ஒருவர். பட்டியல் எடுக்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள். இதுவரை பதினேழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனின் தந்தையார் கூட்டம் முடிந்த மறுவாரம் பள்ளிக்கு வந்தார். என் சொல்லுக்காக நியாயம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. பையன் வீட்டில் சொல்லவில்லை. அவர் வந்தது மாற்றுப் பாரம் வாங்க. "எனக்கு நாப்பத்தெட்டு ஆச்சு ஐயா. அறுவதுல வீட்டக் குடுத்துட்டு எங்க போறது? இப்பவே டவுன்ல ஒண்ணு பாத்து லோன் போட்டாத்தான் கட்டி முடிக்க முடியும்" என்றார். வேலையை விடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். இருபது ஆண்டு அனுபவம். செம்பனை வெட்டுவதில் நல்ல வரும்படி. பட்டணத்தில் அவருக்குக் கிடைப்பது காவலாளி வேலைதான். தோட்டத்து வேலையையே தொடரப் போகிறார்.

பாரத்தில் கையொப்பமிட்டுத் தலைமையாசிரியரிடம் அனுப்பினேன். பள்ளியில் இப்போது இருபத்தைந்து மாணவர்கள். அவர் குடியேறியிருப்பது எங்கள் வீடமைப்புப் பகுதிக்கு இரண்டு தெரு தள்ளி. காலை ஐந்தே முக்கால் மணிக்குச் சாலைச் சந்திப்பில் அவருடைய மோட்டார்சைக்கிளைப் பார்க்கிறேன். பின்னால் செம்பனை அரிவாளை உறையிட்டுக் கட்டியிருப்பார். கையசைப்பார். அவர் மோட்டார்சைக்கிளிலும் நான் காரிலும் ஒரே சாலையில் அதே தோட்டத்திற்குப் போகிறோம்.